‘போல’ என்று எழுதும் முன்

பெரம்பூரில் மாலை நேரத்தில் பத்துப் பிள்ளைகளுக்குத் தமிழும் அறிவியலும் சொல்லித் தருகிறேன். உவமை எழுதச் சொன்னால் போதும், முகம் நிலவாகிவிடும், கண் மீனாகிவிடும். சரி, ஜன்னல் வழியே தெருவைப் பார்த்து எழுதுங்கள் என்றேன். ஒருத்தி எழுதினாள்: “தண்ணி லாரி வந்ததும் குட வரிசை கலைவது போல, மணி அடித்ததும் வகுப்பு கலைந்தது.” அன்று எல்லோருக்கும் வேர்க்கடலை வாங்கித் தந்தேன்.

அவள் பிடித்தது செயலை. தொல்காப்பியம் உவமைக்கு வினை, பயன், மெய், உரு என நான்கு அடிப்படை சொல்கிறது. அதாவது செயல், பயன், வடிவம், நிறம். இதில் எது ஒத்துப்போகிறது என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராவிட்டால் அந்த உவமையை அடித்துவிடுங்கள். ‘மே மாத மதியத்தில் கடற்காற்று போல வந்தான்’ என்றால் அது பயன். அவன் நிறமும் உயரமும் அங்கே வேண்டாம்.

பாடம் விளக்கும் ஒப்புமை என்றால், அது எங்கே பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வோல்டேஜை மாடித் தொட்டியின் உயரத்தோடு ஒப்பிடுவேன். தொட்டி உயர உயரக் குழாயில் தண்ணீர் வேகமாக வரும். வோல்டேஜ் கூடினால் அதே கம்பியில் மின்னோட்டமும் கூடும். ஒரு பையன் கேட்டான்: “அப்போ ஒயரை வெட்டினா கரண்ட் கீழே கொட்டுமா சார்?” குழாயை வெட்டினால் தண்ணீர் கொட்டும், ஒயரை வெட்டினால் ஓட்டமே நின்றுவிடும். இப்போதெல்லாம் அதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புறம், யாரும் வீட்டில் ஒயரை வெட்டிப் பார்க்கக் கூடாது என்பதையும்.