ஆப் மட்டும் மலையாளத்தில் வந்தால்

கேரளத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் மாமா மலையாளம் சரளமாகப் பேசுவார், எழுத்துதான் வராது. அவருடைய பணம் அனுப்பும் ஆப் ஒருநாள் மலையாளத்துக்கு மாறிவிட்டது. ஒரு பட்டனை அழுத்துகிறார், பணம் போகவில்லை; மறுபடி அழுத்துகிறார். வாங்கிப் பார்த்தால் 'ரத்தாக்குக' என்றிருந்தது. படித்துக் காட்டியதும், "அட, கேன்சலா கண்ணு!" என்று சிரித்தார்.

ஆள் நிற்கும் ஊரை வைத்து மொழியை முடிவு செய்யும் ஆப்கள் எல்லைப்பக்கத்துக்குச் சரிவராது. போன் மொழியை மாற்றி அதைச் சரிசெய்யவும் வேண்டாம். ஆண்ட்ராய்டு 13 (2022) முதல் ஒவ்வொரு ஆப்புக்கும் தனி மொழி வைக்கலாம். ஆப் ஐகானை அழுத்திப் பிடித்து, 'ஆப் தகவல்' போய், 'மொழி'யில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். அந்த வரியே இல்லையென்றால், ஆப்பைச் செய்தவர்கள் இந்த வசதியைச் சேர்க்கவில்லை. ஆப்புக்குள்ளேயே மொழி அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஐபோனில் முதலில் விருப்ப மொழிகளில் தமிழைச் சேர்க்க வேண்டும். அப்புறம் செட்டிங்ஸில் அந்த ஆப்பைத் திறந்தால் மொழி மாற்றும் இடம் தெரியும்.

மாமா தமிழுக்கு மாற்றிக்கொண்டார். பஸ் நேரம் பார்க்கும் ஆப் மட்டும் இன்னும் மலையாளம்தான். அதில் தமிழே இல்லை.