குழந்தையின் எலும்பும் நடையும்: எதற்குக் காத்திருக்கலாம், எதற்கு உடனே செல்ல வேண்டும்

குழந்தையின் காலில் ஏதோ கோணல் தெரிகிறது என்று தோன்றினால், முதலில் கணக்கில் கொள்ள வேண்டியது அதன் வயதைத்தான். பிறந்த குழந்தையின் கால்கள் வெளிப்புறமாக வளைந்திருக்கும். நடை பழகும்போது அவ்வளைவு இன்னும் எடுப்பாகத் தெரியும். ஏறத்தாழ 2 வயதில் கால்கள் நேராகி, பிறகு எதிர்ப்புறம் சாய்ந்து, 3 அல்லது 4 வயதில் முழங்கால்கள் ஒன்றோடொன்று முட்டும். 7 அல்லது 8 வயதுக்குள் பெரியவர்களின் அமைப்புக்கு வந்து நிலைபெறும். ஆகவே ஒரு வயதுக் குழந்தையின் வளைந்த கால் பெரும்பாலும் இயல்பானது. அதே வளைவு நான்கு வயதிலும் நீடித்தால் காரணத்தைத் தேட வேண்டும்.

இதை வீட்டிலேயே கண்காணிக்கலாம். குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்கால் சில்லுகள் மேல்நோக்கி இருக்குமாறு கால்களை நீட்டிக் கணுக்கால்களை ஒட்டி வைத்தால், முழங்கால்களுக்கிடையே எத்தனை விரல் அகலம் இடைவெளி இருக்கிறது என்பது தெரியும். முட்டும் கால்களுக்கு இதையே மாற்றி, முழங்கால்களை ஒட்டி வைத்துக் கணுக்கால்களின் இடைவெளியைப் பாருங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை, குழந்தையை நேராக நிற்க வைத்து ஒரே தூரத்திலிருந்து ஒரு புகைப்படமும் எடுத்து வையுங்கள். “கொஞ்சம் அதிகமானது போலிருக்கிறது” என்று சொல்வதைவிட, வரிசையாக எடுத்த மூன்று படங்கள் மருத்துவருக்கு மிகுதியாக உதவும். ஒரு கால் மட்டும் வளைந்திருந்தாலும், 2 வயதுக்குப் பின் வளைவு கூடிக்கொண்டே போனாலும், குழந்தை வயதுக்கேற்ற உயரமில்லாமல் மணிக்கட்டுகள் தடித்துக் காணப்பட்டாலும் காத்திருக்கக் கூடாது. கடைசியாகச் சொன்னது ரிக்கெட்ஸ் எனப்படும் எலும்பு மென்மை நோயின் அடையாளமாக இருக்கலாம். அதற்கு இரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் தேவை. சோதனைக்கு முன் அதிக அளவு வைட்டமின் டி மருந்தைத் தாமாகவே கொடுக்கத் தொடங்குவது தவறு.

தட்டைப் பாதமும் கால்விரல்கள் உட்புறம் திரும்பிய நடையும் பெற்றோரைக் கவலைப்படுத்தும் அளவுக்கு மருத்துவர்களைக் கவலைப்படுத்துவதில்லை. குழந்தையை நுனிக்காலில் நிற்கச் சொல்லுங்கள். அப்போது உள்ளங்காலில் வளைவு தோன்றி, வலியும் இல்லையென்றால், அந்தப் பாதத்துக்குச் சிகிச்சை வேண்டியதில்லை. நுனிக்காலில் நின்றும் வளைவு வராமல் பாதம் விறைப்பாகவே இருந்தால் மட்டும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். உட்புறம் திரும்பிய நடை, பாதத்திலோ கணைக்கால் எலும்பிலோ தொடை எலும்பிலோ உள்ள திருகலால் வருவது. பெரும்பாலான குழந்தைகளுக்கு 8 முதல் 10 வயதுக்குள் தானாகவே சீராகிறது. விலையுயர்ந்த சிறப்புக் காலணிகள் இந்த இரண்டையும் திருத்துவதில்லை.

ஆனால் காத்திருக்கவே கூடாத இரண்டு குறைகள் பிறப்பிலேயே இருக்கக்கூடும். ஒன்று, பாதம் உள்நோக்கியும் கீழ்நோக்கியும் மடங்கியிருக்கும் வளைபாதம். இதற்கு இன்று உலகெங்கும் பின்பற்றப்படுவது, அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் இக்னாசியோ பொன்செட்டி உருவாக்கிய முறை. வாரம் ஒருமுறை பாதத்தை மெல்லத் திருத்தி மாவுக்கட்டு மாற்றுவார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்குக் குதிகால் தசைநாணில் ஒரு சிறு வெட்டும் தேவைப்படும். பாதம் நேரானதும் பெற்றோருக்கு நிம்மதி வந்துவிடுகிறது. சிக்கல் தொடங்குவதும் அங்கேதான். அதன்பின் இரு காலணிகளை ஒரு பட்டையில் பொருத்திய சாதனத்தை முதல் மூன்று மாதங்கள் நாளுக்கு 23 மணி நேரமும், பிறகு 4 அல்லது 5 வயது வரை உறங்கும்போதும் அணிவிக்க வேண்டும். குழந்தை அழுகிறது என்று இதை நிறுத்திவிடுவதே பாதம் மீண்டும் வளைவதற்கு முதன்மையான காரணம்.

மற்றொன்று இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமை. பெண் குழந்தை, தலைப்பிரசவம், கருவில் கால் கீழாக இருந்த நிலை, குடும்பத்தில் முன்பே ஒருவருக்கு இருந்தது ஆகியவை ஆபத்தைக் கூட்டுகின்றன. உடை மாற்றும்போது ஒரு தொடை மற்றதைப் போல் விரியவில்லை என்றாலோ, முழங்கால்களை மடக்கிப் பார்க்கையில் ஒன்று தாழ்ந்திருந்தாலோ காட்டுங்கள். முதல் சில மாதங்களில் அல்ட்ராசவுண்ட் சோதனையே போதும். 6 மாதங்களுக்குள் கண்டறிந்தால் பெரும்பாலும் மென்மையான வார்ப்பட்டைச் சாதனத்தாலேயே மூட்டு சீராகிறது, தாமதித்தால் அறுவைச் சிகிச்சை வரை போக நேரும். கைக்குழந்தையைத் துணியில் சுற்றும்போது கால்களை நேராக நீட்டி இறுக்கக் கூடாது. தொடைகள் மடங்கி விரிய இடம் வேண்டும்.

நொண்டும் குழந்தை

நொண்டுதலை எந்த வயதிலும் இயல்பு என்று கொள்ளக் கூடாது. குழந்தை நொண்டுவதோடு காய்ச்சலும் இருந்து, காலை ஊன்ற மறுத்தால், மூட்டுக்குள் சீழ் கட்டியிருக்கக்கூடும் என்று எண்ணி, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அடுத்த நாள் வரை பொறுத்தால்கூட மூட்டின் குருத்தெலும்பு அழியத் தொடங்கிவிடும். கைக்குழந்தை நொண்டிக் காட்ட முடியாது; ஒரு கையையோ காலையோ அசைக்காமல் வைத்திருப்பதும், அதைத் தொட்டால் வீறிட்டழுவதுமே அதன் அறிகுறி, காய்ச்சல் இல்லாமலும் இருக்கலாம். வீட்டில் மீந்திருக்கும் ஆன்டிபயாட்டிக்கைக் கொடுத்துவிட்டுச் செல்லாதீர்கள். நோயைக் கண்டறிவதை அது கடினமாக்கும். சளிக்காய்ச்சல் ஓய்ந்தபின் 3 முதல் 8 வயதில் வரும் தற்காலிக இடுப்பு மூட்டு அழற்சி ஓரிரு வாரங்களில் ஓய்வாலேயே தணிவதுதான். எனினும் அது அவ்வளவுதான் என்று முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவரே.

பெரிய வலியில்லாமல் வாரக்கணக்கில் நொண்டும் 4 முதல் 8 வயதுச் சிறுவனுக்கு, தொடை எலும்பின் தலைப்பகுதிக்கு இரத்த ஓட்டம் குறையும் பெர்தெஸ் நோய் இருக்கலாம். பதின்வயதில், குறிப்பாக உடல் எடை கூடிய பிள்ளைகளுக்கு, தொடை எலும்பின் தலை வளர்ச்சித் தட்டிலிருந்து (எலும்பின் முனையருகே அது நீள வளரும் குருத்தெலும்பு அடுக்கு) வழுகுவதுண்டு. இதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: பிள்ளை முழங்கால் வலிக்கிறது என்று சொல்லும், முழங்காலுக்கு எக்ஸ்ரே எடுத்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று அனுப்பிவிடுவார்கள், ஆனால் நோயோ இடுப்பில் இருக்கும். முழங்கால் வலிக்கு அங்கே காரணம் தெரியவில்லை என்றால், இடுப்பையும் பார்த்தீர்களா என்று தயங்காமல் கேளுங்கள். வழுகல் உறுதியானால் பிள்ளையை ஓரடிகூட நடக்க விடக் கூடாது.

வளர்ச்சி வலி என்று பொதுவாகச் சொல்லப்படுவதற்குத் தெளிவான இலக்கணம் உண்டு: இரு கால்களிலும் வரும், மாலையிலோ இரவிலோ வரும், நீவிவிட்டால் தணியும், காலையில் குழந்தை ஒன்றும் நடவாதது போல் ஓடும். ஒரே இடத்தில் வலி, வீக்கம், நொண்டுதல், உடல் வெளிறல், எடை குறைதல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று சேர்ந்துவிட்டால் அந்தப் பெயரைக் கைவிட்டுவிடுங்கள். அரிதாக இரத்தப் புற்றுநோயும் எலும்பு வலியாகத் தொடங்குகிறது.

அடிபட்டால்

சிறு குழந்தையைக் கையைப் பிடித்துத் தூக்கியபின் அது கையைச் சற்றே மடக்கி அசைக்காமல் வைத்திருந்தால், முழங்கை மூட்டின் எலும்பு தன் வளையத்திலிருந்து நழுவியிருக்கும். மருத்துவர் அதை நொடிகளில் சரிசெய்வார். சற்று நேரத்தில் குழந்தை அந்தக் கையால் விளையாடத் தொடங்கும். ஆனால் விழுந்ததால் முழங்கை வீங்கியிருந்தால் அதை முறிவாகவே கருதி, இருக்கும் நிலையிலேயே தாங்கி அசையாமல் கட்டி, எக்ஸ்ரே எடுக்கும் இடத்துக்குக் கொண்டு செல்லுங்கள். விரல்கள் வெளிறிக் குளிர்ந்திருந்தால் அது உயர் அவசரம். வளரும் பிள்ளைகளின் வளர்ச்சித் தட்டு தசைநார்களைவிட வலுக்குறைந்தது. எனவே பெரியவர்களுக்குச் சுளுக்காகும் அடி இவர்களுக்கு அத்தட்டின் முறிவாகலாம். முறிந்த எலும்பு சற்றுக் கோணலாகக் கூடியிருப்பதை மருத்துவர் அப்படியே விடுவதுண்டு. சிறுவயதில் அக்கோணல் வளர்ச்சியோடு நேராகும் என்பதால்தான் அவ்வாறு செய்கிறார். திருகிக் கூடிய எலும்புக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை.

மாவுக்கட்டு போட்ட முதல் இரண்டு நாட்களில் கையையோ காலையோ நெஞ்சு மட்டத்துக்கு மேல் உயர்த்தி வையுங்கள். மருந்துக்கு அடங்காமல் ஏறும் வலி, விரல்களை நீட்டிவிட்டால் அலறல், மரத்துப்போதல், நிறமாற்றம் ஆகியவை கட்டு உள்ளே இறுகுவதைக் காட்டும். நள்ளிரவானாலும் சென்று அதைத் தளர்த்தச் செய்ய வேண்டும். அரிப்பு தீர உள்ளே குச்சி விடக் கூடாது. கட்டைப் பிரித்தபின் முழங்கை மடங்கவில்லை என்று உருவிவிடவோ பிடித்து வளைக்கவோ கூடாது, ஏனெனில் அந்த வன்முறையால் தசைக்குள் எலும்பு வளர்ந்து மூட்டு நிரந்தரமாக விறைக்கலாம். குழந்தை தானாக விளையாடி மடக்கும் அளவே போதும், சில மாதங்களில் அசைவு மீளும்.