இரவு 9 முதல் 2 வரை அப்பா பொறுப்பு: பச்சிளங்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் முறை

"மனைவிக்கு உதவி செய்கிறேன்" என்று ஓர் ஆண் சொல்லும்வரை அந்த வேலை மனைவியுடையதாகத்தான் இருக்கும். மாற்றச் சொன்னால் டயப்பரை மாற்றிவிடுவார். டயப்பர் தீரப்போவதைக் கவனிப்பதும், குழந்தை கடைசியாக எப்போது குடித்தது என்று நினைவில் வைப்பதும் அவள் தலையில்தான். படுத்திருந்தாலும் அவளுக்குத் தூக்கம் பிடிக்காது. அதனால் வேலைகளைப் பங்கு போடாதீர்கள், நேரத்தைப் பங்கு போடுங்கள். இரவு 9 முதல் 2 வரை குழந்தை உங்கள் பொறுப்பு என்றால், அந்த ஐந்து மணி நேரத்தில் கவனிப்பது, முடிவெடுப்பது, செய்வது மூன்றும் உங்களுடையவை. துணி எங்கே இருக்கிறது என்று கேட்க அவளை எழுப்பக்கூடாது.

பிறந்த குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும். முதல் மூன்று நான்கு வாரங்கள் தாயிடம் நேரடியாகக் குடிப்பதே நல்லது. பால் சுரப்பு அப்போதுதான் நிலைப்படுகிறது. அதுவரை பால் கொடுப்பது தவிர மற்ற எல்லாம் உங்களுக்கு. குழந்தை அழும்வரை காத்திருக்காதீர்கள். தலையைத் திருப்பி வாயைத் திறந்து தேடும், கையைச் சப்பும், அதுதான் பசி. அப்போதே தூக்கிப்போய்க் கொடுங்கள். வீறிட்டு அழத் தொடங்கிவிட்டால் மார்பைப் பற்றிக் குடிக்கவே சிரமப்படும். குடித்ததும் வாங்கி, தோளில் சாய்த்து, கழுத்தை ஒரு கையால் தாங்கி, முதுகை மெல்லத் தட்டுங்கள். சில நிமிடங்களில் ஏப்பம் வரவில்லை என்றால் விட்டுவிடலாம்.

அதன் பிறகு எடுத்து வைத்த தாய்ப்பாலை நீங்களே கொடுக்கலாம். புதிதாக எடுத்த பால், அறை வெப்பம் 25 டிகிரிக்குள் இருந்தால் 4 மணி நேரமும், ஃப்ரிட்ஜில் 4 நாளும் தாங்கும். வெந்நீர்க் கிண்ணத்தில் புட்டியை வைத்துச் சூடாக்குங்கள். மைக்ரோவேவ் வேண்டாம், பால் ஒரே சீராகச் சூடாகாமல், குழந்தையின் வாய் வெந்துவிடும். குழந்தையைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, புட்டியைக் கிட்டத்தட்டப் படுக்கை வாட்டத்தில் வைத்து, இடையிடையே நிறுத்துங்கள். கவிழ்த்துப் பிடித்தால் பால் கொட்டும் வேகத்தில் வயிறு நிறைந்தது தெரியாமல் குடித்துக் கக்கிவிடும். குழந்தை குடித்து மீதம் வைத்த பாலை 2 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், இல்லாவிட்டால் கொட்டிவிட வேண்டும். தாய் படுக்கும் முன் ஒருமுறை பாலை எடுத்துவிடுவது முக்கியம். பால் கட்டினால் வலிக்கும், நாளாவட்டத்தில் சுரப்பும் குறையும்.

டயப்பர் மாற்றும்போது புதியதை முதலில் அடியில் விரித்துவிட்டுப் பிறகு பழையதைக் கழற்றுங்கள். பெண் குழந்தைக்கு எப்போதும் முன்னிருந்து பின்னாகத் துடையுங்கள். ஆண் குழந்தைக்குக் காற்று பட்டதும் சிறுநீர் பீச்சும், ஒரு துணியால் மூடிக்கொள்ளுங்கள். கட்டும்போது குறி கீழ்நோக்கி இருக்கட்டும், இல்லாவிட்டால் இடுப்பு வழியே ஒழுகும். தொடை மடிப்பில் ஈரம் நின்றால் புண்ணாகும், ஒற்றி உலர்த்துங்கள். ஐந்தாம் நாளுக்குப் பிறகு தினமும் ஆறு முறையாவது சிறுநீர் கழிக்க வேண்டும். குறைந்தால் பால் போதவில்லை என்று பொருள், மருத்துவரிடம் பேசுங்கள்.

தூங்க வைப்பது எப்போதும் மல்லாக்காக, கெட்டியான சமதள மெத்தையில். தலையணை, போர்வை, பொம்மை எதுவும் கூடாது. அப்பாக்கள் செய்யும் பெரிய தவறு, குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு சோபாவில் கண்ணயர்வது. இடுக்கில் சரிந்து மூச்சு முட்டும் ஆபத்து உண்மையானது. கண் சொருகினால் உடனே தொட்டிலில் விடுங்கள்.

அழுகை இரண்டு வாரத்தில் கூடத் தொடங்கி, ஆறாவது வாரத்தையொட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் அடங்கும். பசி, ஈரம், சூடு எல்லாம் பார்த்தும் அழுகை நிற்காமல் உங்களுக்குக் கோபம் ஏறினால், தொட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டுப் பத்து நிமிடம் வெளியே போய் நில்லுங்கள். அதில் தோல்வி எதுவும் இல்லை. ஒருபோதும் குலுக்காதீர்கள், சில நொடிகளிலேயே மூளையில் ரத்தம் கசியும். மூன்று மாதத்துக்குள் 38 டிகிரி காய்ச்சல் என்றால் விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

இதெல்லாம் பெண்ணுக்கு இயல்பாக வரும், ஆணுக்கு வராது என்பது தவறு. அவளும் செய்து செய்துதான் கற்கிறாள். ஆணின் உடலும் அதற்கேற்ப மாறுகிறது: 2011இல் வெளியான, பிலிப்பைன்ஸில் 624 ஆண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், அப்பா ஆனவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் குறைந்திருந்தது; தினமும் 3 மணி நேரமோ அதற்கு மேலோ குழந்தையைப் பார்த்துக்கொண்டவர்களிடம் இன்னும் குறைவு. நீங்கள் கட்டிய டயப்பர் கொஞ்சம் தளர்வாக இருந்தால் அவள் எழுந்து வந்து திருத்த வேண்டாம் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். ஒழுகினால் நீங்களே கற்றுக்கொள்வீர்கள்.

2 மணிக்கு ஒப்படைக்கும்போது மூன்று விஷயம் தாளில் எழுதி அவள் படுக்கையருகே வையுங்கள்: கடைசியாகக் குடித்த நேரம், எவ்வளவு, டயப்பர் எப்போது மாற்றினீர்கள்.