பால் பைத்தான் பெட்டியில் எதை விரிப்பது? கடலூர், புதுச்சேரிக் கடலோர வீடுகளுக்கான செய்முறை

பால் பைத்தான் (ball python) என்னும் ஆப்பிரிக்க மலைப்பாம்பை வீட்டில் வளர்ப்பது பற்றி வெளிநாட்டார் எழுதிய குறிப்புகளில் முக்கால்வாசி, பெட்டிக்குள் ஈரப்பதத்தை எப்படி ஏற்றுவது என்பதைப் பற்றியே இருக்கும். ஹீட்டர் ஓடும் குளிர்நாட்டு அறையில் காற்று வறண்டு கிடப்பதால் அவர்களுக்கு அது தேவை. தேவனாம்பட்டினத்திலோ முத்தியால்பேட்டையிலோ இருக்கும் வீட்டுக்கு அந்த யோசனை பொருந்தாது. கடல் காற்று ஏற்கெனவே ஈரத்தோடுதான் உள்ளே வருகிறது. அதன்மேல் தினமும் ஸ்ப்ரேயும் அடித்தால் முதலில் பெட்டித் தரையில் போட்ட விரிப்பில் பூஞ்சணம் பிடிக்கும், அடுத்து பாம்பின் வயிற்றுச் செதில் அழுகத் தொடங்கும். நம் பக்கத்தில் விரிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது, அது எவ்வளவு ஈரம் பிடித்து வைக்கும் என்பதைவிட, மிஞ்சிய ஈரத்தை எப்படிச் சமாளிக்கும் என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

விரிப்புக்கு முன் ஒரு விஷயம். பால் பைத்தான் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கப் பாம்பு. காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தமும், அதையொட்டி 2024-இல் வந்த விதிகளும் இப்படிப்பட்ட உயிரினங்களைப் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்யச் சொல்கின்றன. இது மத்தியச் சட்டம் என்பதால் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் ஒன்றே. நம் ஊர் மலைப்பாம்பு வேறு. அது முதல் அட்டவணையில் இருக்கும் காட்டுயிர், வீட்டில் வைத்திருப்பதே குற்றம்.

படி 1: அறையின் ஈரப்பதத்தை அளந்து பாருங்கள்

டிஜிட்டல் ஈரப்பதமானி இரண்டு வாங்குங்கள். முள் ஓடும் வட்ட மானி வேண்டாம், அது காட்டும் எண்ணை நம்ப முடியாது. வாங்கியதும் சரிபார்க்க ஓர் எளிய வழி: ஒரு பாட்டில் மூடியில் சாப்பாட்டு உப்பை நிரப்பி, சேறு போல ஆகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். மூடியையும் மானியையும் ஒரு ஜிப் கவரில் வைத்து மூடி, 8 மணி நேரம் நிழலில் விடுங்கள். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். மானி 80 காட்டினால் அது 5 கூட்டிக் காட்டுகிறது என்று அதன் முதுகிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

பிறகு, பெட்டி வைக்கப் போகும் இடத்தில் ஒரு வாரம் காலை, மதியம், இரவு மூன்று வேளையும் குறித்து வாருங்கள். வைகாசி, ஆனி மாதங்களில் மேற்கிலிருந்து அடிக்கும் காய்ந்த காற்றால் மதியம் ஈரப்பதம் வெகுவாக இறங்கி, கடல் காற்று திரும்பியதும் மறுபடி ஏறும். ஐப்பசி, கார்த்திகையில் நாள் முழுக்க உச்சத்திலேயே நிற்கும். இரவில் ஏசி ஓடும் அறை என்றால் கணக்கே வேறு. ஏசி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிவிடும்.

பெட்டிக்குள் நமக்கு வேண்டியது 55 முதல் 70 சதவீதம். தோல் உரிக்கும் நாட்களில் 75 வரை போகலாம். இதில் புதியவர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. 28 டிகிரியில் 75 சதவீதம் காட்டும் காற்று, வேறு எதுவும் மாறாமல் 32 டிகிரிக்குச் சூடானால் சுமார் 60 சதவீதம்தான் காட்டும். அதனால் அறையில் 75 என்று பார்த்ததும் பதற வேண்டாம். சூடான மூலையில் அது தானாகவே சரியாகிவிடும். கவனிக்க வேண்டியது குளிர்ந்த மூலையை.

படி 2: எந்த விரிப்பு என்று முடிவு செய்யுங்கள்

பாம்பு வீட்டுக்கு வந்த புதிதில் யோசனையே வேண்டாம், காகிதம்தான். அச்சடித்த செய்தித்தாள் போதும், அச்சடிக்காத வெள்ளைத் தாள் கிடைத்தால் இன்னும் நல்லது. 60 முதல் 90 நாள் வரை காகிதத்திலேயே வைத்திருங்கள். பாம்பு உண்ணி இருந்தால் கடுகைவிடச் சின்னக் கறுப்புப் புள்ளிகளாகத் தாளிலும் தண்ணீர்க் கிண்ணத்திலும் தெரியும். கழிவின் நிறமும் கெட்டித்தன்மையும் தெளிவாகத் தெரியும். தேங்காய் நார்த்தூளில் இதெல்லாம் கண்ணிலேயே படாது. காகிதம் ஈரம் பிடிக்காது என்பதை வெளிநாட்டில் பெரிய குறையாகச் சொல்வார்கள். நம் கடலோரத்தில் ஏசி இல்லாத அறையில் அந்தக் குறை அனேகமாக இல்லை. பாம்பு அதில் முண்டிப் புதைய முடியாது என்பதுதான் ஒரே இழப்பு. அதற்கு, உடல் உரசும்படி இறுக்கமாக இரண்டு மறைவிடங்கள், சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று என வைத்துவிடுங்கள்.

நிரந்தர விரிப்புக்கு நம் ஊரில் தேங்காய் மட்டையை மிஞ்ச ஒன்றும் இல்லை. மட்டைச் சில்லு, கோகோபீட் எனப்படும் நார்த்தூள் என இரண்டு வடிவில் கிடைக்கும். சில்லுகளுக்கு நடுவே காற்று போகும், மேல்பரப்பு சீக்கிரம் காயும். தூள் ஈரத்தைப் பிடித்து வைக்கும். இரண்டையும் எந்த விகிதத்தில் கலக்க வேண்டும் என்பதை படி 1-இல் எடுத்த அளவு சொல்லும். அறை பெரும்பாலும் 65-க்கு மேல் என்றால் சில்லு மட்டும். 50 முதல் 65 என்றால் இரண்டு பங்கு சில்லு, ஒரு பங்கு தூள். ஏசி அறையில் 50-க்குக் கீழே இறங்குகிறது என்றால் பாதிக்குப் பாதி. தூளை மட்டுமே போடுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. காய்ந்தால் புழுதி பறக்கும், நனைந்தால் சேறாக அமுங்கிவிடும்.

வெளிநாட்டுக் குறிப்புகளில் வரும் ஆஸ்பென் என்னும் மரத்தின் இழைப்பை இங்கே தேடி அலைய வேண்டாம். கிடைத்தாலும் மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும்.

படி 3: இலவசமாகக் கிடைப்பதைப் பார்த்து மயங்காதீர்கள்

முந்திரிக்கொட்டை ஓடு: பண்ருட்டி பக்கம் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். அந்த ஓட்டில் இருக்கும் எண்ணெய் உடைப்பவர்களின் கையையே புண்ணாக்கும். பாம்பின் வயிற்றுத் தோலுக்கு அருகில் கொண்டு போகவே கூடாது.

தச்சுப் பட்டறைத் தூளும் இழைப்பும்: என்ன மரம் என்று தெரியாது, பிளைவுட் பசை கலந்திருக்கும், கறையான் மருந்து அடித்த பலகையும் அதில் இருக்கலாம். வாசனை தூக்கலாக அடிக்கும் தேவதாரு வகை மரங்களின் எண்ணெய், பாம்பின் மூச்சுப் பாதையைக் கெடுக்கும்.

கடற்கரை மணலில் உப்பு, ஆற்று மணலில் தூசி. இரண்டுமே செதில் இடுக்கில் புகும். நெல் உமியின் முனை கூர்மை, புழுதியும் அதிகம். வேர்க்கடலை ஓடு ஈரம் பட்டால் பூஞ்சைக் கூடாரம். சவுக்குத் தோப்புச் சருகை அடித்தளமாகப் போடாதீர்கள், எறும்பும் பூச்சியும் சேர்ந்து வரும். அழகுக்கு மேலே ஏதாவது தூவ வேண்டும் என்றால், வீதியில் நிற்கும் நாட்டு வாதுமை மரத்தின் உதிர்ந்த பெரிய இலைகளைக் கழுவி, வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்துப் போடலாம்.

நர்சரிகளில் கோகோபீட் கேட்கும்போது ‘மாடித்தோட்டத்துக்கா?’ என்று கேட்டு, மண்புழு உரமோ வேப்பம்புண்ணாக்கோ கலந்ததைக் கொடுத்துவிடுவார்கள். எதுவும் கலக்காத வெறும் கட்டியாக வேண்டும் என்று சொல்லி, உறையில் ஒட்டியிருப்பதையும் படித்துவிட்டு வாங்குங்கள்.

படி 4: உப்பைக் கழுவுங்கள்

4 அடி நீளம், 2 அடி அகலப் பெட்டி என்றால் 120 × 60 செ.மீ. அதில் 7.5 செ.மீ., அதாவது 3 அங்குல உயரத்துக்கு நிரப்ப 54 லிட்டர் கலவை வேண்டும். இரண்டுக்கு ஒன்று கணக்கில் 36 லிட்டர் சில்லு, 18 லிட்டர் தூள். 650 கிராம் கோகோபீட் கட்டி ஊறினால் 8 முதல் 9 லிட்டர் வரும், ஆக இரண்டு கட்டி. 5 கிலோ கட்டி 70 லிட்டர் அளவுக்கு ஊறி விரியும். ஒரு பெட்டிக்காக அதை வாங்கத் தேவையில்லை.

தேங்காய் மட்டையில் இயல்பாகவே உப்பு இருக்கும், உவர்நீரில் ஊறப்போட்ட மட்டையில் இன்னும் அதிகம். ஒரு பக்கெட்டில் கட்டியைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி, ஊறியதும் பழைய பருத்தி வேட்டியில் கொட்டிப் பிழியுங்கள். இரண்டு மூன்று முறை திரும்பச் செய்யுங்கள். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மானி வீட்டில் இருந்தால் சுலபம்: பிழிந்த தண்ணீரில் அது காட்டும் எண், ஊற்றிய தண்ணீரில் காட்டும் எண்ணுக்குப் பக்கத்தில் வந்ததும் நிறுத்தலாம். கடற்கரையை ஒட்டிய தெருக்களில் போர் தண்ணீரே உவர்ப்பாக இருக்கும். அதில் கழுவினால் உப்பை எடுப்பதற்குப் பதில் ஏற்றுகிறீர்கள். கடைசி அலசலுக்காவது மழைநீரோ ஆர்.ஓ. தண்ணீரோ பயன்படுத்துங்கள்.

சில்லின் மேல் கொதிக்கும் தண்ணீரை ஊற்றி அரை மணி நேரம் மூடி வைத்தால் உள்ளே இருக்கும் பூச்சி முட்டைகள் சாகும். பிறகு எல்லாவற்றையும் மொட்டை மாடியில் தார்ப்பாய் விரித்து நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள், அவ்வப்போது கிளறிக் காயவையுங்கள்.

இதைப் புரட்டாசிக்குள் முடித்து, இன்னொரு முறை மாற்றும் அளவுக்குக் கூடுதலாகச் செய்து, மூடி போட்ட டிரம்மில் வைத்துவிடுங்கள். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது கொட்டிய மழை நினைவிருக்கும். அந்த மாதிரி வாரத்தில் மாடியில் எதையும் காயவைக்க முடியாது, பெட்டிக்கு விரிப்பு மாற்ற வேண்டிய அவசரமும் அப்போதுதான் வரும்.

படி 5: விரித்தல்

பிளைவுட் பெட்டியாக இருந்தால் உள்மூலைகளில் சிலிக்கான் பூசி, வினிகர் நெடி முழுக்கப் போன பிறகுதான் விரிப்பு போட வேண்டும். இல்லாவிட்டால் ஈரம் பலகை இடுக்கில் இறங்கி உப்பிவிடும். பிவிசி பலகை, கண்ணாடிப் பெட்டிகளுக்கு இந்தக் கவலை குறைவு.

சூடு கொடுக்கும் முறையும் விரிப்பும் ஒன்றோடொன்று ஒத்துப் போக வேண்டும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். அடியில் சூடு தரும் மின்தகடான ஹீட் மேட்டை ஒட்டி, அதன்மேல் 3 அங்குல நார் போட்டால் சூடு மேலே வராது. மேலே சூடில்லையே என்று, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைக் கூட்டுவார்கள். பாம்பு முண்டிக்கொண்டு அடிக்குப் போய், கொதிக்கும் தரையில் படுத்து வயிற்றைச் சுட்டுக்கொள்ளும். ஹீட் மேட் என்றால் காகிதம். ஆழமான விரிப்பு என்றால் மேலிருந்து சூடு, அதாவது கம்பிக் கூண்டு போட்ட செராமிக் விளக்கு. எதுவானாலும் தெர்மோஸ்டாட் கட்டாயம். சூடான பக்கத் தரை 31 முதல் 33 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25 முதல் 27. கத்திரி வெயிலில் அறையே 34-ஐத் தாண்டும்போது சூட்டை அணைத்துவிட்டு, அறையைக் குளிர்விக்கும் வழியைப் பாருங்கள். 35-க்கு மேல் நீடித்தால் ஆபத்து.

படி 6: கீழே ஈரம், மேலே காய்ந்த பரப்பு

சொந்த நாட்டில் இந்தப் பாம்பு பகலை எலி வளையிலும் கறையான் புற்றிலும் கழிக்கிறது. புற்றுக்குள் காற்று ஈரமாக இருக்கும், ஆனால் உடல் படும் மண் சொதசொதவென்று இருக்காது. பெட்டியிலும் அதையே கொண்டுவர வேண்டும்.

ஸ்ப்ரே அடித்தால் மேல்பரப்பு நனையும், ஒரு மணி நேரத்தில் காயும், பயனும் போய்விடும். மானி 55-க்குக் கீழே காட்டினால் மட்டும், குளிர்ந்த பக்கத்தின் இரண்டு மூலைகளிலும் ஓரமாகக் கால் கால் லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். அது அடியில் இறங்கி மெல்ல ஆவியாகும். மறுநாள் மேல்பரப்பைத் தொட்டால் காய்ந்திருக்க வேண்டும். அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருண்டையாக நிற்கலாம். தண்ணீர் சொட்டினால் அதிகம். ஐப்பசி முதல் மார்கழி நடுப்பகுதி வரை அனேகமாக ஒரு சொட்டும் ஊற்ற வேண்டியிராது. அப்போது தண்ணீர்க் கிண்ணத்தைச் சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்கு மாற்றினாலே சில சதவீதம் இறங்கும்.

கண் நீலம் பூத்து, பாம்பு தோல் உரிக்கப் போகிறது என்று தெரிந்தால் பெட்டி முழுவதையும் நனைக்காதீர்கள். ஆர்க்கிட் விற்கும் நர்சரியில் கிடைக்கும் ஸ்பாக்னம் பாசியை நனைத்துப் பிழிந்து, ஒரு மறைவிடத்துக்குள் மட்டும் வையுங்கள். தோல் உரித்த அன்றே அதை எடுத்துவிடுங்கள்.

படி 7: சுத்தமும் மாற்றமும்

கழிவையும் வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டி போல வரும் சிறுநீரையும் கண்டதும், சுற்றி ஒரு கை அகலத்துக்கு விரிப்போடு அள்ளிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். முழு மாற்றம் கோடையில் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை, மழைக்காலத்தில் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை. காகிதம் என்றால் அழுக்கானதும், எப்படியும் வாரம் ஒருமுறை. பழைய நாரில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம் என்பதால் கீரைத் தொட்டியில் கொட்டாதீர்கள், செம்பருத்திக்குப் போடலாம். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

எறும்பு வந்தால் எறும்பு சாக்பீஸோ பொடியோ பெட்டிப் பக்கம் வேண்டாம், அதிலுள்ள பைரித்ராய்டு மருந்துகள் பாம்புக்கும் ஆகாது. ஸ்டாண்டின் நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். கொசு முட்டை வைக்காமல் இருக்க இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். பாச்சை உருண்டையும் அதே அறையில் கூடாது.

என்ன கெட்டால் எதைப் பார்ப்பது

சில்லில் வெள்ளைப் பஞ்சு போலப் பூஞ்சணம்: அந்தப் பகுதியை அள்ளி எறிந்து, மீதியைக் கிளறிவிட்டு, காற்றுத் துளைகளைக் கூட்டுங்கள். ஒரு வாரத்தில் மறுபடி வந்தால் முழுவதும் மாற்றி, தூளின் பங்கைக் குறையுங்கள்.

தோல் துண்டு துண்டாக உரிகிறது, கண் மேல் பழைய மூடி ஒட்டியிருக்கிறது: ஈரம் போதவில்லை. கண் மூடியை நகத்தால் பிய்க்க முயலாதீர்கள்.

இரை எடுக்கும்போது நார் வாயில் ஒட்டுகிறது: ஒன்றிரண்டு இழை உள்ளே போனால் பெரும்பாலும் கழிவோடு வந்துவிடும். ஆனாலும் இரையை நீளமான இடுக்கியால் பிடித்து, ஒரு தரை ஓட்டின் மேல் வைத்துக் கொடுப்பது நல்லது.

வயிற்றுச் செதில் ஓரம் இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ மாறி, சிறு கொப்புளம் தெரிகிறது: அன்றே நாரை அகற்றிக் காகிதத்துக்கு மாற்றி, மருத்துவரிடம் காட்டுங்கள். வாயைத் திறந்து மூச்சு விடுதல், மூக்கில் குமிழ், சீறல் போன்ற ஒலி வந்தாலும் அப்படியே. அது நுரையீரல் தொற்றாக இருக்கலாம், வீட்டு வைத்தியத்துக்கு அடங்காது. புதுச்சேரியில் குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவ நிறுவனம் இருக்கிறது. எங்கே போனாலும் பாம்பு பார்க்கும் மருத்துவர் அன்று இருக்கிறாரா என்று முன்னதாகப் போனில் கேட்டுக்கொண்டு, பாம்பைத் துணிப்பையில் இட்டு, அதைக் காற்றுத் துளை போட்ட டப்பாவில் வைத்து எடுத்துப் போங்கள். விரிப்பில் ஒரு பிடியையும் கவரில் போட்டுக்கொண்டு போனால் மருத்துவர் ஈரத்தைத் தொட்டே பார்த்துவிடுவார்.