பழைய ஹைபிரிட் கார் கிளம்பவில்லையா? பெரிய பேட்டரியைக் குறை சொல்லும் முன்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்திலிருந்து என்னிடம் வரும் டொயோட்டா பிரியஸ் போன்ற பழைய ஹைபிரிட் கார்கள் (பெட்ரோல் எஞ்சினும் பெரிய பேட்டரியில் ஓடும் மின்மோட்டாரும் சேர்ந்தவை) பலவற்றுக்கும் ஒரே கதைதான். வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள், கார் ஊர்வீட்டுக் கொட்டகையில் மாதக்கணக்கில் நிற்கும். கல்யாணம், படைப்பு என்று வந்து பொத்தானை அழுத்தினால் டேஷ்போர்டு முழுக்க விளக்கு எரியும், வண்டி நகராது. உடனே யாராவது "ஹைபிரிட் பேட்டரி போச்சு" என்று சொல்லிவிடுவார்கள். அந்த முடிவுக்குக் கடைசியில்தான் வர வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது டிக்கியில் இருக்கும் சின்ன 12 வோல்ட் பேட்டரி. இந்தக் கார்களில் கம்ப்யூட்டர்களை எழுப்புவதும் பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலே சுவிட்சை இழுப்பதும் அதுதான். மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். ஓய்வில் 12.6 இருந்தால் நல்லது, 12-க்குக் கீழே என்றால் சந்தேகம். மீட்டரை எடுக்காமலே ஸ்டார்ட் பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். 10-க்குக் கீழே விழுந்தால் அதை மாற்றாமல் மேலே போகாதீர்கள். வோல்டேஜ் இறங்கினால் சம்பந்தமில்லாத எரர் கோடுகள் எல்லாம் பொய்யாக வரும்.

மாற்றும்போது ஒரு கவனம். 2010-இல் இந்தியாவுக்கு வந்த பிரியஸில் இந்தப் பேட்டரி ஆட்கள் உட்காரும் அறையோடு சேர்ந்த இடத்தில் இருக்கிறது. அதற்கு வாயு வெளியேறும் குழாய் உள்ள சீல் செய்த ஏஜிஎம் வகைதான் (ஆசிட் கண்ணாடி நாரில் ஊறி நிற்கும் பேட்டரி) போட வேண்டும். டிராக்டருக்குப் போடும் பேட்டரி அளவில் பொருந்தினாலும் போடக்கூடாது. டிக்கி திறக்கவில்லை என்றால் பானட்டுக்குள் பியூஸ் பெட்டியில் ஜம்ப் கொடுக்கும் முனை இருக்கிறது. ப்ளஸ் மைனஸை மாற்றிக் கொடுத்தால் பெரிய பியூஸ் போய்விடும், நிதானமாகக் கொடுங்கள்.

டேஷ்போர்டில் வண்டி 'ரெடி' காட்டியதும் அதே 12 வோல்ட் முனையில் 13.5-லிருந்து 14.5 வரை வர வேண்டும். சாதாரண காரில் எஞ்சினோடு சுழன்று பேட்டரியைச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் இதில் கிடையாது. பெரிய பேட்டரியின் மின்சாரத்தை கன்வெர்ட்டர் குறைத்துக் கொடுக்கிறது. 12-லேயே நின்றால் கன்வெர்ட்டர் அல்லது அதன் பியூஸைப் பாருங்கள். புது பேட்டரி போட்டும் மறுபடி இறங்குகிறது என்பவர்களுக்குக் காரணம் சில நேரம் இதுதான். எர்த் ஒயரின் பச்சைப் பூப்பையும் சுரண்டிவிடுங்கள்.

அப்புறம் எரர் கோடுகளைப் படிக்கும் ஸ்கேனர். எரர் கோடு எண்ணை மட்டும் எழுதி வைத்தால் போதாது, கூட வரும் மூன்று இலக்க உபகோடு எண்ணையும் எழுதுங்கள். பி0ஏஏ6 என்றால் உயர் மின்னழுத்தம் பாடிக்குக் கசிகிறது. எங்கே என்பது உபகோடில் இருக்கும்: 611 ஏசி பக்கம், 612 பேட்டரி, 613 கியர்பாக்ஸ் மோட்டார், 614 இன்வெர்ட்டர் (பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) வழி. இங்கே வெயிலுக்கு ஏசி கேஸ் நிரப்பாத வண்டி குறைவு. சாதாரண கார் ஏசி ஆயிலை இதில் ஊற்றினால் மின்கம்ப்ரசரின் மின்காப்பு கெட்டு 611 வந்துவிடும். இதற்கென்று தனி ஆயில் உண்டு. 612 வந்தால் எலியை நினையுங்கள். நெல் மூட்டை வைக்கும் வீட்டில் எலி பேட்டரி பெட்டிவரை போய் மூத்திரம் பெய்யும்.

பி0ஏ80 வந்தால்தான் பெரிய பேட்டரி விவகாரம். அதற்கும் பெட்டியைத் திறக்கவே வேண்டாம், முதலில் ஸ்கேனரிலேயே பாருங்கள். பிரியஸின் பெரிய பேட்டரி 201.6 வோல்ட்; உள்ளே மாட்யூல் எனும் சின்னப் பேட்டரிகள் 28, அவை இரண்டிரண்டாக 14 பிளாக். வண்டி ஓடும்போது ஆக்ஸிலேட்டரை அழுத்தி எல்லாப் பிளாக்கையும் ஒப்பிடுங்கள். மற்றவை 14-க்குப் பக்கத்தில் நிற்க, ஒன்று மட்டும் ஒரு வோல்ட்டுக்கு மேல் சரிந்தால் அதுதான் குற்றவாளி. எல்லாமே சேர்ந்து சரிந்தால் முழுப் பேட்டரியும் களைத்துவிட்டது. வெப்பநிலையையும் பாருங்கள். பின்சீட்டின் பக்கவாட்டில் இருக்கும் காற்றுத் துவாரத்தில் நம் செம்மண் தூசி அடைத்து, பேட்டரியைக் குளிர்விக்கும் விசிறி சுழலாமல் பேட்டரி வேகும்.

பள்ளத்தூரில் ஓர் ஆச்சியின் பிரியஸுக்கு, வெளியூரில் ஒரு பட்டறை முழுப் பேட்டரியும் மாற்றணும் என்று சொல்லியிருந்தது. "வண்டியை விலைக்குக் கேக்குறாகப்பா, கொடுத்துரவா?" என்றார்கள் ஆச்சி. ஒரே பிளாக்தான் இறங்கியது. திறந்தபோது மாட்யூல்களை இணைக்கும் செம்புப் பட்டை பச்சைப் பூத்திருந்தது, விசிறியில் பஞ்சுபோல் தூசி. சுத்தம் செய்து நட்டுகளை 5.4 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கியதும் எரர் கோடு போனது. மின்வேதியியலுக்கென்றே செக்ரி ஆய்வகம் இருக்கிற ஊர் எங்கள் காரைக்குடி, அதற்கு அழகப்பச் செட்டியார் நிலம் கொடுத்தார். இந்த ஊரில் அளந்து பார்க்காமல் ஒரு பேட்டரியைத் தூக்கி எறிவது எனக்குப் பொறுக்கவில்லை.

திறப்பதென்றால் இதில் அவசரம் கூடாது. சாவியைத் தூரமாக வையுங்கள், 12 வோல்ட் மைனஸைக் கழற்றுங்கள். 1000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறையை ஊதிப் பார்த்து ஓட்டை இல்லையென்று உறுதிசெய்து போடுங்கள். ஆரஞ்சு நிற சர்வீஸ் பிளக்கை இழுத்துச் சட்டைப்பையில் வையுங்கள், 10 நிமிடம் காத்திருங்கள். இன்வெர்ட்டர் முனையில் மீட்டர் பூஜ்ஜியம் காட்டிய பிறகே கை. அப்போதும் பேட்டரி பெட்டிக்குள் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும், பிளக் அதை இரண்டாகப் பிரிக்கிறது, அவ்வளவுதான். மோதிரம், அரைஞாண் கயிற்று வெள்ளி, கழுத்துச் சங்கிலி எல்லாம் கழற்றுங்கள். இந்தச் சாமான்கள் இல்லையென்றால் ஸ்கேனரோடு நிறுத்திக்கொண்டு, இருப்பவரிடம் கொடுங்கள். 200 வோல்ட் டிசி மன்னிக்காது.

சரி, வண்டி மறுபடி நிற்கப்போகிறது என்றால் பார்த்துக்கொள்ள வீட்டில் இருப்பவரிடம் மாதம் ஒருமுறை அரைமணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். ஓட்ட முடியாவிட்டால் 'ரெடி'யில், கியர் 'பி'யில் (பார்க்கிங்) வைத்திருக்கச் சொல்லுங்கள். 'என்'னில் (நியூட்ரல்) வைத்தால் பெரிய பேட்டரி சார்ஜ் ஏறாது.