பெரிய போட்டிக்கு வலுதூக்கும் வீரரைத் தயார்செய்யும்போது பயிற்சியாளர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடைசி ஆறு வாரத்தில் பயிற்சியாளர் புதிதாகச் சேர்ப்பது குறைவாகவும் எடுத்துவிடுவது அதிகமாகவும் இருக்க வேண்டும். சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப் பட்டணங்களில் இது தலைகீழாக நடக்கிறது. கடைவீட்டு மாடியில் ஒரு ஜிம், ஒரே ஒரு ஸ்குவாட் ரேக், ஆலை ஷிப்ட் முடிந்து வரும் பையன்கள், எல்லாரையும் பார்த்துக்கொள்ள ஒரே மாஸ்டர். போட்டி நெருங்க நெருங்க, மாஸ்டருக்கு ஏதாவது கூடுதலாகச் செய்துவிட வேண்டும் என்ற தவிப்பு. பையன் மேல் உள்ள பாசத்தில் வரும் தவிப்புதான். ஆனால் பெரும்பாலான தவறுகள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

முதலில் ஒரு தெளிவு. வலுதூக்குதல் என்றதும் நம்மூரில் பலருக்கு போனி புன்யாவ் கஸ்தின் நினைவுக்கு வருவார். தோக்கியோ, பாரிஸ் இரண்டு பாராலிம்பிக்கிலும் 72 கிலோ பிரிவில் தங்கம் வென்ற சரவாக் வீரர். பாரா வலுதூக்குதலில் பெஞ்ச் பிரஸ் மட்டும்தான். இங்கே பேசுவது ஸ்குவாட் (பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது), பெஞ்ச் (படுத்தபடி நெஞ்சிலிருந்து தள்ளுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து இழுத்து நிமிர்வது) மூன்றும் சேர்ந்த போட்டி. ஒவ்வொன்றிலும் மூன்று முயற்சி, ஆக ஒன்பது. ஒவ்வொன்றிலும் தேறிய அதிக எடையைக் கூட்டினால் மொத்தம் வரும். ஒன்றில் மூன்று முயற்சியும் தவறினால் மொத்தமே கிடையாது. கீழே சொல்லும் விதிகள் சர்வதேச சம்மேளனமான ஐ.பி.எஃப் முறைப்படி. வேறு அமைப்பு நடத்தும் போட்டியானால் அதன் விதிப்புத்தகத்தை வாங்கிப் படித்துவிடுங்கள்.

ஜிம்மிலேயே போட்டியை முடித்துவிடுவது

போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது "எவ்வளவு போகும்னு பார்த்துடலாம்" என்று முழு எடை ஏற்றிப் பார்ப்பது மிகப் பழைய தவறு. போனால் மேடையில் தர வேண்டியது ஜிம்மில் செலவாகிவிட்டது. போகாவிட்டால் பையன் அந்தப் பயத்தோடு போட்டிக்குப் போவான். இரண்டிலும் நட்டம் அவனுக்குத்தான்.

மூன்றிலும் உடம்பு தேற ஒரே அளவு நாள் ஆகாது. டெட்லிஃப்ட் முதுகையும் இடுப்பையும் அதிகம் வாட்டும். அதன் கடைசிக் கனமான நாள் போட்டிக்கு 10 முதல் 14 நாள் முன்னால் முடிந்திருக்கட்டும். ஸ்குவாட்டுக்கு 7 முதல் 10 நாள். பெஞ்சுக்கு 5 முதல் 7 நாள் போதும். அந்தக் கனமான நாளிலும் முதல் முயற்சி எடையை, அதிகம் போனால் இரண்டாவது முயற்சி எடையைத் தொட்டுவிட்டு நிறுத்துங்கள்.

அதற்குப் பிறகு குறைக்க வேண்டியது செட்டுகளின் எண்ணிக்கையை. எடையை அதே வேகத்தில் குறைக்கக் கூடாது. வாரத்துக்கு 20 செட் ஸ்குவாட் செய்தவனுக்கு 10 போதும். ஆனால் பாரில் அவன் உச்ச எடையில் 75, 80 விழுக்காடு இருக்கட்டும். எடையையும் சேர்த்துக் குறைத்து 50 விழுக்காட்டில் விளையாடவிட்டால், போட்டி நாளில் முதுகில் ஏறும் பாரம் அவனுக்கு அந்நியமாகத் தெரியும். போட்டி வாரத்தில் இரண்டு லேசான நாள், கடைசி இரண்டு நாள் முழு ஓய்வு. இந்த வாரத்தில் பையன் "உடம்பு சும்மா இருக்கு மாஸ்டர், ஒரு செட் போடட்டா" என்று கேட்பான். கேட்க வைப்பதுதான் நோக்கம். விட்டுவிடாதீர்கள்.

ஆலையில் குலை ஏற்றும் வேலையோ லோரி வேலையோ செய்பவனுக்கு இன்னொரு கணக்கு உண்டு. நாள் முழுதும் குனிந்து நிமிர்ந்து செம்பனைக் குலை தூக்கியவனின் முதுகு மாலையில் ஏற்கெனவே ஒரு பயிற்சி முடித்துவிட்டது. அவனுக்கு எழுதும் டெட்லிஃப்ட் செட்டுகளை அலுவலக வேலை செய்பவனோடு சமமாக எழுதாதீர்கள். கடைசி இரண்டு வாரத்துக்கு ஷிப்டை மாற்றிக்கொள்ள முடியுமா என்று இரண்டு மாதம் முன்னாலேயே கேட்கச் சொல்லுங்கள். இரவு ஷிப்ட் முடித்து நேரே எடை பார்க்க வரும் வீரனை எந்தத் திட்டமும் காப்பாற்றாது.

தட்டில் எழுதியிருக்கும் எண்ணை நம்புவது

பழைய இரும்புத் தட்டில் 20 என்று வார்த்திருந்தால் அது 20 கிலோதான் என்று இல்லை. ஒவ்வொன்றையும் தராசில் வைத்து, உண்மை எடையைப் பெயிண்டில் எழுதிவையுங்கள். அரை நாள் வேலை. ஒவ்வொரு பக்கமும் நான்கு தட்டு, ஒவ்வொன்றிலும் அரை கிலோ குறைந்தால், 200 என்று நினைத்தது 196. அந்தப் பொய் எண்ணை வைத்துத்தான் முயற்சி எடைகளைக் கணக்குப் போடுகிறோம்.

தட்டு நழுவாமல் பூட்டும் காலரும் அப்படித்தான். போட்டியில் பார் 20 கிலோ, காலர் இரண்டும் சேர்ந்து 5 கிலோ. பக்கத்துக்கு ஒரு 25 கிலோ சிவப்புத் தட்டு போட்டால் ஜிம்மில் 70, மேடையில் 75. டெட்லிஃப்டுக்குத் தட்டின் விட்டமும் முக்கியம். போட்டித் தட்டு 45 சென்டிமீட்டர். சின்னத் தட்டுகளாக அடுக்கி இழுத்தால் பார் தாழ்ந்துவிடும், தொடக்க நிலையே மாறிவிடும். பெரிய தட்டு இல்லையென்றால் ரப்பர் விரிப்பை மடித்து உயரத்தைச் சரிசெய்யலாம்.

கட்டளை இல்லாமல் பழக்குவது

வலு இருந்தும் சிவப்பு விளக்கு (தேறவில்லை என்ற நடுவர் தீர்ப்பு) விழுவதற்கு இது பெரிய காரணம். ஸ்குவாட்டில் முழங்கால் பூட்டி அசையாமல் நின்றால்தான் நடுவர் "ஸ்குவாட்" என்பார். முடித்து நின்ற பிறகு "ரேக்". பெஞ்சில் "ஸ்டார்ட்", நெஞ்சில் பார் அசையாமல் நின்றதும் "பிரஸ்", பிறகு "ரேக்". டெட்லிஃப்டில் "டவுன்". கடைசி எட்டு வாரமும் ஒவ்வொரு கனமான செட்டிலும் ஒருவர் இந்த வார்த்தைகளை இப்படியே, ஆங்கிலத்திலேயே சொல்லட்டும். "ஏத்துடா" என்று பழகிய காது மேடையில் வேறு சொல்லுக்குக் காத்திருக்காது.

"பிரஸ்" சொல்லும் நேரத்தை வேண்டுமென்றே மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். சில நடுவர்கள் சட்டென்று சொல்வார்கள், சிலர் ஒரு வினாடிக்கு மேல் காக்க வைப்பார்கள். எப்போதும் ஒரே அளவு நிறுத்திப் பழகியவன் முந்திக்கொள்வான். 2023 முதல் இன்னொரு விதியும் வந்திருக்கிறது: பார் நெஞ்சில் இருக்கும்போது முழங்கையின் அடிப்பக்கம் தோள்மூட்டின் மேற்பரப்புக்குச் சமமாகவோ கீழேயோ இறங்கியிருக்க வேண்டும். முதுகை அதிகம் வளைத்து, கையை அகலப் பிடிப்பவர்களைப் பக்கவாட்டிலிருந்து வீடியோ எடுத்துப் பாருங்கள்.

ஸ்குவாட் ஆழத்தையும் பக்கவாட்டில்தான் பார்க்க வேண்டும். இடுப்பு மடிப்பு முழங்கால் மேற்பகுதிக்குக் கீழே போக வேண்டும். நம் ஜிம்களில் ரேக் கண்ணாடியைப் பார்த்து இருக்கும். மேடையில் கண்ணாடி கிடையாது, எதிரே நடுவரும் கூட்டமும். கடைசி ஒரு மாதம் கண்ணாடிக்குத் துணி போட்டு மூடுங்கள். கண்ணாடி பார்த்து ஆழம் கணிக்கும் பழக்கம் எவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

எடைப் பிரிவுக்காக உடம்பை வறட்டுவது

எடை பார்ப்பது போட்டி தொடங்க இரண்டு மணி நேரத்துக்கு முன் ஆரம்பித்து ஒன்றரை மணி நேரம் நடக்கும். முதல் நாளே எடை பார்த்துவிட்டு இரவெல்லாம் சாப்பிட்டுத் தேறும் விளையாட்டுகளின் வழக்கம் இங்கே உதவாது. 83 கிலோ பிரிவுக்குப் போகும் பையன் போட்டி வாரத் தொடக்கத்தில் 84, 84.5 இருந்தால் பயமில்லை. கடைசி மூன்று நாள் கீரை, பயறு போன்ற நார்ச்சத்தைக் குறைத்து, உப்பைக் கொஞ்சம் மட்டுப்படுத்தி, முந்தின இரவு சின்னச் சாப்பாடாக முடித்தால் இறங்கிவிடும். 87 இருந்தால் 93 பிரிவில் தூக்கட்டும். முதல் பெரிய போட்டியானால் எடை குறைப்பைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

நம் வெயிலில் ரெயின்கோட் போட்டு ஓடவிடுவதும், லோரி கேபினில் ஜன்னலை ஏற்றிவிட்டு உட்கார வைப்பதும் ஆபத்து. உயிருக்கே ஆபத்தாகலாம். நீர் இறக்கும் மாத்திரை ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இருக்கிறது. வீட்டில் பெரியவரின் இரத்தக்கொதிப்பு மருந்துப் பையிலிருந்து எடுத்தாலும் தடை தடைதான்.

எடை பார்த்ததும் என்ன சாப்பிடுகிறான் என்பதும் பயிற்சியாளர் வேலை. உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ் பாக்கெட் ஒன்றைக் கரைத்துச் சிறுகச் சிறுகக் குடிக்கட்டும். வெள்ளைச் சோற்றில் கொஞ்சம் கோழி, காயா தடவிய ரொட்டி, வாழைப்பழம். நாசி லெமாக்கும் ரொட்டி சானாயும் போட்டி முடிந்த பிறகு. தேங்காய்ப்பாலும் எண்ணெயும் இரண்டு மணி நேரத்தில் வயிற்றைவிட்டு இறங்காது, ஸ்குவாட்டில் பெல்ட்டை இறுக்கும்போது தெரியும்.

தைப்பூசத்தை ஒட்டிப் போட்டி வந்தால் விரதத்தைப் பற்றி முன்கூட்டியே பேசுங்கள். விரதத்தை விடச் சொல்லும் உரிமை நமக்கில்லை. அதற்கேற்பத் திட்டம் போடும் கடமை உண்டு. இறைச்சி, முட்டை இல்லாத வாரங்களில் தெம்பே, தௌஹு, பருப்பு, தயிர், பால் ஆகியவற்றை ஒவ்வொரு வேளையிலும் வைக்க வேண்டும். 80 கிலோ உடம்புக்கு நாளுக்கு 130 கிராம் புரதமாவது சேர வேண்டும். சாம்பாரை மட்டும் நம்பினால் அது சேராது. காவடி எடுத்து ஈப்போ கல்லுமலைக்கு நடந்தவனுக்கு அந்த வாரம் காலுக்குக் கனமான பயிற்சி எழுதாதீர்கள்.

உடுப்பு, பெல்ட்

போட்டிக்கு ஒரு மாதம் முன்னாலேயே எல்லாம் கையில் இருக்க வேண்டும். பெல்ட் அகலம் 10 சென்டிமீட்டர், தடிமன் 13 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. முழங்கால் உறை 7 மில்லிமீட்டர், மணிக்கட்டுத் துணி ஒரு மீட்டர். அளவு சரியாக இருந்தும் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இல்லாத பிராண்டைத் திருப்பி அனுப்புவார்கள். டெட்லிஃப்டுக்கு முழங்காலுக்குக் கீழே வரும் நீளக் காலுறை கட்டாயம். அதை மறப்பவர்கள் ஏராளம். கடைசி வாரம் புதுக் காலணி வாங்கித் தருவது அன்புதான், ஆனால் அதைப் போட்டி முடிந்து கொடுங்கள்.

முதல் முயற்சியில் ஆசைப்படுவது

எல்லாவற்றிலும் அதிகம் கெடுப்பது இதுதான். முதல் முயற்சி, தூக்கமில்லாமல் வயிறு சரியில்லாமல் வந்த நாளிலும் அவன் மூன்று முறை தூக்கக்கூடிய எடையாக இருக்க வேண்டும். ஜிம்மில் உண்மையான 200 ஸ்குவாட் உள்ளவனுக்கு 182.5, பிறகு 192.5, மூன்றாவதாக 200 அல்லது 202.5. பெஞ்சில் தாவல் சின்னதாக இருக்கட்டும்: 130 உள்ளவனுக்கு 120, 125 அல்லது 127.5, பிறகு 130. பெஞ்சில் ஐந்து கிலோவே பெரிய வித்தியாசம். ஸ்குவாட் மாதிரி பத்து பத்தாகத் தாண்டினால் மூன்றாவதில் கை நின்றுவிடும்.

இந்த எண்களைத் தாளில் எழுதி மூன்று கட்டமாகப் பிரியுங்கள்: நன்றாகப் போனால், சுமாராகப் போனால், திணறினால். முதல் தூக்கு முடிந்த ஒரு நிமிடத்துக்குள் அடுத்த எடையை அதிகாரிகளின் மேசையில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால், தேறியிருந்தால் தானாக 2.5 கிலோ கூடும். தவறியிருந்தால் அதே எடை திரும்ப வரும். எடையைக் குறைக்க வழியில்லை. அந்த ஒரு நிமிடத்தில் பையனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கும் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். முதலில் மேசை, பிறகு கட்டிப்பிடிக்கலாம்.

ஒருவர்தான் பேச வேண்டும். அப்பா, மாமா, ஜிம் நண்பர்கள் எல்லாரும் ஆளுக்கொன்று கத்தினால் அவன் எதையும் கேட்கமாட்டான். ஒரு தூக்குக்கு ஒரே சொல்: ஸ்குவாட்டில் "நெஞ்சு", டெட்லிஃப்டில் "தரையைத் தள்ளு". மூன்று மாதமாகச் சொல்லிய அதே சொல்.

வார்ம்-அப் நேரம்

கடிகாரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். குறைந்த எடை கேட்டவர் முதலில் தூக்குவார். ஒரு தூக்குக்குச் சுமார் ஒரு நிமிடம். 9 மணிக்குத் தொடங்கி பையன் எட்டாவது ஆளானால் அவன் முறை சுமார் 9.08. கடைசி வார்ம்-அப் 172.5 கிலோவில் ஒரு முறை, 9.02க்கு. அதற்கு முன் 160 ஒன்று 8.58, 140 இரண்டு 8.54, 110 மூன்று 8.51, 70 ஐந்து 8.48, வெறும் பார் 8.45. எட்டரைக்கே எல்லாம் முடித்துவிட்டு உடம்பு ஆறி உட்கார்ந்திருப்பது ஒரு தவறு; ரேக்குக்கு வரிசையில் நின்று இரண்டு செட்டை விட்டுவிடுவது இன்னொன்று. உள்ளே போனதும் ஏறக்குறைய அதே எடை தூக்குபவர்களோடு பேசி ஒரே ரேக்கில் சேர்ந்துகொள்ளுங்கள்.

சுங்கை சிப்புட்டிலிருந்து கோலாலம்பூர் சுமார் 230 கிலோமீட்டர். காலை 7 மணிக்கு எடை என்றால் முந்தின நாளே போய்த் தங்கிவிடுங்கள். அறைச் செலவை நுழைவுக் கட்டணத்தோடு சேர்த்து முதலிலேயே கணக்கில் வைக்க வேண்டும்.

டெட்லிஃப்டுக்கு வரும்போது கணக்கு மாறும். மூன்றாவது முயற்சி எடையை, மேடைக்கு அழைக்கும் முன் இரண்டு முறை மாற்றலாம். ஸ்குவாட்டிலும் பெஞ்சிலும் இரண்டாவது, மூன்றாவது முயற்சிகளுக்கு அந்தச் சலுகை கிடையாது. மொத்தம் சமமானால் உடல் எடை குறைந்தவர் முன்னால் நிற்பார். ஆகவே போட்டியாளர்களின் உடல் எடையும் மொத்தமும் உங்கள் தாளில் இருக்க வேண்டும். இரண்டு மாற்றத்தையும் அவசரப்பட்டுச் செலவழிக்காதீர்கள். எதிராளி தன் எண்ணைச் சொல்லும்வரை ஒன்றைக் கையில் வைத்திருங்கள். பார் சிக்காமல் ஏற, தொடையில் பேபி பவுடரைக் கூட வந்தவர் பூசட்டும், வீரனின் உள்ளங்கையில் ஒரு துளி படக் கூடாது. மேடை ஏறும் முன் காலணியின் அடியை ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். கீழே சிந்திய பவுடரை மிதித்தவனுக்குக் கால் வழுக்கும்.