சென்ட் போத்தலும் பவர் பாங்க்கும் பார்சலில் போடுவதற்கு முன்

போன ஆவணியில் ஒரு அம்மா லண்டனில் இருக்கும் மகளுக்குப் பருத்தித்துறை வடையும் பனங்கட்டியும் கொண்டுவந்தார். பெட்டியும் அவர் கொண்டுவந்ததுதான். நான் டேப் சுற்றி அனுப்பிவிட்டேன். பொதி கொழும்பில் ஒன்பது நாள் நின்றது. குற்றம் வடையில் இல்லை. முன்பு கைபேசி பற்றரி வந்த பெட்டி அது. அடிப்பக்கத்தில் சிவப்புக் கோட்டு விளிம்போடு பற்றரிக் குறி அப்படியே கிடந்தது. யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் பதினான்கு வருடமாகப் பொதி கட்டுகிறேன், அன்றைக்குப் பெட்டியைத் திருப்பிப் பார்க்கவில்லை. அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

அதனால் முதல் வேலை, பெட்டியின் ஆறு பக்கத்தையும் பாருங்கள். பழைய குறி, பழைய எண், பழைய விலாசம் எது இருந்தாலும் முழுவதும் மறையும்படி கடதாசி ஒட்டுங்கள். புதுப் பெட்டி வாங்கினால் இன்னும் நல்லது. பொதியைத் தூக்குகிறவர் அதைத் திறந்து பார்ப்பதில்லை. வெளியே இருக்கும் குறிதான் அவருக்குச் செய்தி.

ஆபத்தான பொருள் என்றால் பட்டாசு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். சென்ட், கியூட்டெக்ஸ், ஸ்ப்ரே டின், பெயின்ற், தின்னர், லைட்டர், நெருப்புப்பெட்டி, கற்பூரம், பவர் பாங்க் எல்லாம் அந்தக் கணக்கில்தான் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஐக்கிய நாடுகள் சபையின் நான்கு இலக்க எண் உண்டு: சென்ட் 1266, ஸ்ப்ரே டின் 1950, பெயின்ற் 1263, கற்பூரம் 2717. இவற்றைச் சாதாரணத் தபாலில் வெளிநாட்டுக்கு அனுப்ப நினைக்கவே வேண்டாம்.

கொழும்புக்கு லொறியில் போகும் சென்ட் போத்தலை நான் கட்டும் விதம் இது. மூடியை இறுக்கி, மூடியும் கழுத்தும் சேரும் இடத்தில் டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றுவேன். போத்தலைப் பொலித்தீன் பையில் போட்டுக் காற்றை அமுக்கி வெளியேற்றிவிட்டுக் கட்டுவேன். அந்தப் பையைச் சுற்றிப் பஞ்சோ பழைய துணியோ வைப்பேன். ஒழுகினால் முழுப் போத்தலையும் உறிஞ்சும் அளவுக்கு அது இருக்க வேண்டும்; ஒரு கைக்குட்டை காணாது. மேலே இன்னொரு பை. பிறகு தடித்த பெட்டியில் நிமிர்த்தி வைத்து, ஆடாதபடி நான்கு பக்கமும் அடைப்பேன். மூடியபின் பெட்டியைக் காதோடு வைத்துக் குலுக்குவேன். சத்தம் கேட்டால் திரும்பவும் திறப்பேன். எதிரெதிரான இரண்டு பக்கத்திலும் மேல்நோக்கிய அம்புக்குறி போடுவேன். ஒரு பக்கத்தில் மட்டும் போட்டால், பெட்டியை அடுக்கும்போது அது சுவர்ப்பக்கம் போய்விடும்.

விமானம் என்றால் கதை வேறு. உயரப் பறக்கும்போது விமானத்துக்குள்ளே இருக்கும் காற்றழுத்தம் கிட்டத்தட்ட இலங்கையின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையின் உச்சியில் இருக்கும் அளவுக்கு இறங்கிவிடும். போத்தலுக்குள் அடைபட்ட காற்று விரிந்து திரவத்தை மூடிவழியாகத் தள்ளும். அதனால்தான் விதி அவ்வளவு கண்டிப்பு.

கடைகளில் விற்கும் சிறிய போத்தல்களுக்கு ‘வரையறுத்த அளவு’ என்று ஒரு சலுகை இருக்கிறது. சிறு போத்தல்கள், உறுதியான வெளிப்பெட்டி, மொத்தம் 30 கிலோவுக்கு மேற்படாத எடை. குறி, முனையில் நிற்கும் சதுரம். மேல் மூலையும் கீழ் மூலையும் கறுப்பு, நடு வெள்ளை. பக்கம் 100 மில்லிமீற்றர், பெட்டி சிறிதென்றால் 50 வரை குறைக்கலாம். விமானத்தில் போவதற்கு நடுவில் ஆங்கில ‘வை’ எழுத்தும் வேண்டும். பெட்டி 1.2 மீற்றர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்க வேண்டும். ஆனால் குறியை வரைந்து ஒட்டினால் காரியம் முடிந்தது என்று எண்ண வேண்டாம். விமானப் பொதிக்குப் பயிற்சி பெற்றவர் ஒப்பமிட்ட அறிவிப்புப் பத்திரம் வேண்டும். என்னிடம் அந்தப் பயிற்சி இல்லை. அதனால் அப்படிப்பட்ட பொதியை நான் எடுப்பதில்லை, பயிற்சி உள்ள முகவரிடம் அனுப்பிவிடுகிறேன்.

பவர் பாங்க் தனியாக வந்தால் அது தனிப் பற்றரி என்றே கணக்கு. 2016 ஏப்ரல் முதலாம் திகதியிலிருந்து பயணிகள் விமானத்தில் சரக்காக அதை ஏற்றக் கூடாது. சரக்கு விமானத்திலும் சார்ஜ் 30 வீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வந்து போகும் உறவினர் யாராவது இருந்தால் அவரிடம் கொடுத்து, கைப்பையில் எடுத்துப் போகச் சொல்லுங்கள். 20,000 மில்லி ஆம்பியர் மணி பவர் பாங்க் ஏறக்குறைய 74 வாற் மணி. 100 வாற் மணி வரை பொதுவாகக் கைப்பையில் விடுவார்கள். பெரிய பயணப்பெட்டிக்குள் வைக்கவே கூடாது.

படிவத்தில் ‘அன்பளிப்பு’ என்று மட்டும் எழுதாதீர்கள். பொருளின் பெயர், எத்தனை, எவ்வளவு மில்லிலீற்றர் என்று எழுதுங்கள். முறுக்கு டின்னுக்குள் ஒளித்த கியூட்டெக்ஸ் எக்ஸ்ரேயில் தெரியும். தெரியாமல் போய் ஒழுகினாலோ இன்னும் மோசம், அடுத்தவரின் பொதியும் சேர்ந்து கெடும்.

கடைசியாகக் கற்பூரம். “தம்பி, அப்பாவின் திவசத்துக்குத்தானே, இது என்ன வெடிக்கவா போகுது?” என்று கேட்டார் ஒரு அம்மா. அவர் கேட்டது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் கற்பூரம் எளிதில் தீப்பற்றும் திண்மம், விமானத்தில் அதற்கு அந்தப் பெயர்தான். கனடாவில் இருக்கும் மகனை அதை அங்கேயே தமிழ்க் கடையில் வாங்கச் சொன்னேன். நல்லூரில் எடுத்த திருநீற்றை வெளியே பெயர் தெரியும்படி எழுதி, பக்கெற்றோடு கட்டிக்கொடுத்தேன்.